முழுசாகத் திறந்த டேம்பர்

அந்த அனல் மின் நிலையத்தில் யாரும் யாரையும் குரு என்று கூப்பிட்டதில்லை. மின் பராமரிப்புப் பிரிவின் செயற்பொறியாளர் ஜெபக்கனிக்கு நாற்பத்தொரு வயது. கட்டுப்பாட்டு அறையில் கொதிகலனை ஓட்டும் சுடலைமணிக்கு ஐம்பத்து மூன்று. அவர் இவரை மேடம் என்பார். இவர் அவரை அண்ணாச்சி என்பார். இருந்தாலும் அந்தக் கோடையில் அவர் கேட்டதும் இவர் சொன்னதும் ஒரு சீடர் கேட்டு ஒரு குரு சொன்னது போலத்தான் நடந்தது.

எல்லாம் ஒரு விசிறியால் வந்தது.

கொதிகலனில் நிலக்கரி எரியும்போது எழும் புகையை இழுத்துப் புகைபோக்கிக்கு அனுப்ப ஒரு விசிறி உண்டு. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும். அதன் மோட்டாருக்குத் தெரிந்தது ஒரே வேகம். நிலையம் முழுச் சுமையில் ஓடினாலும் பாதிச் சுமையில் ஓடினாலும் அது முழு வேகத்தில்தான் சுற்றும். புகையைக் குறைவாக இழுக்க வேண்டுமானால் வழியில் உள்ள தகட்டுக் கதவைக் கொஞ்சம் சாத்துவார்கள். அந்தக் கதவுக்கு டேம்பர் என்று பெயர். நிலையம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான்.

ஜெபக்கனி அந்த மோட்டாருக்கு டிரைவ் வைத்தார். வேகத்தைத் தேவைக்கு ஏற்பக் கூட்டவும் குறைக்கவும் செய்கிற மின்னணுச் சாதனம் அது. மேலிடத்தோடு பல மாதம் வாதாடி வாங்கியது. இனி கதவைச் சாத்த வேண்டியதில்லை. புகை குறைவாக இருந்தால் விசிறி மெதுவாகச் சுற்றினால் போதும்.

முதல் ஓட்டத்திலேயே காரியம் கெட்டது.

உலைக்குள் அழுத்தம் எப்போதும் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் தீ உள்ளேயே இருக்கும். அன்று அழுத்தம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஒவ்வொரு ஊசலும் முந்தியதைவிடப் பெரிதாக இருந்தது. கடைசியில் கொதிகலன் தானாகவே நின்றுவிட்டது. நிற்பதற்குச் சற்று முன்பு, உலையின் பார்வைத் துவாரத்தைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்த கொதிகலன் தொழிலாளி பெல்லார்மினின் முன்கையைத் தீ வந்து நக்கியது.

டிரைவ்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

தலைமைப் பொறியாளர் வரதராஜன் பொறுமையான மனிதர். அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள்.

"இன்னும் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம்" என்றார் விசாரணைக் கூட்டத்தில். "அப்பவும் யூனிட் நின்னா கழற்றி ஓரமா வச்சிருவோம். என்ன ஜெபக்கனி?"

"சரி சார்."

"கண்ட்ரோல் மேசையில யார் உக்காருவா?"

கட்டுப்பாட்டு அறைக்காரர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தார்கள். முதல் ஓட்டத்தில் மேசையில் இருந்தவர் சுடலைமணி. அவர் தரையைப் பார்த்தார்.

மறுநாள் அவர் ஜெபக்கனியின் அறைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேடம், புரியாம நான் அந்த மேசையில உக்கார மாட்டேன். புரிஞ்சா உக்காருதேன்."

"என்ன புரியணும் அண்ணாச்சி?"

"முதல்ல இதச் சொல்லுங்க. நல்லா ஓடிக்கிட்டு இருந்த விசிறிய எதுக்கு மாத்தணும்?"

ஜெபக்கனி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டார்.

"வாங்க."

பழைய முறையிலேயே ஓடிக்கொண்டிருந்த அடுத்த யூனிட்டின் விசிறிக்கு அழைத்துப் போனார். அன்று சுமை பாதிதான். டேம்பர் பாதிக்கு மேல் சாத்தியிருந்தது. அது இருக்கும் இடத்தில் பெரிய தகரக் குழாய் கிடுகிடுவென்று நடுங்கியது. பக்கத்தில் நின்று பேசினால் கேட்காது. காதருகே குனிந்துதான் பேச வேண்டும்.

"இது என்ன சத்தம் அண்ணாச்சி?"

"எப்பவும் உள்ள சத்தந்தான்."

"எது போடுற சத்தம்?"

"புகை கதவுல போய் மோதுது."

"மோத வைக்கிறது யாரு?"

"ஃபேன்."

"கதவச் சாத்துனது யாரு?"

"நாங்கதான்."

"ஃபேனுக்குக் கரண்ட்டு எங்கருந்து வருது?"

"நம்ம யூனிட்லருந்துதான்."

"அதுக்குக் கரி?"

தூரத்தில் நிலக்கரியைச் சுமக்கும் பட்டை நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது. சுடலைமணி அதைப் பார்த்தார். பிறகு நடுங்கும் குழாயைப் பார்த்தார். முப்பது வருடமாக அந்தச் சத்தத்தைக் கேட்டு, எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று நினைத்திருந்தார்.

திரும்பி வரும்போது அவர் தண்ணீர்க் குழாயடியில் நின்று முகம் கழுவினார்.

"இது புரிஞ்சுட்டு மேடம். ஆனா இன்னொண்ணு இருக்கு."

"சொல்லுங்க."

"மறுபடி அப்படி ஆச்சுன்னா?"

அன்று மாலை ஜெபக்கனி அவரைப் பெல்லார்மினின் குடியிருப்புக்கு அழைத்துப் போனார். சுடலைமணி அதுவரை அங்கே போகவில்லை. போக வேண்டும் என்று தினமும் நினைத்தார், போகவில்லை. வாசலில் செருப்பைக் கழற்ற அவருக்கு நேரம் பிடித்தது.

பெல்லார்மின் கையில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். யாரும் விபத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. மணப்பாட்டுத் திருவிழா, மகளின் பாலிடெக்னிக் சேர்க்கை என்று பேச்சு எங்கெங்கோ போனது. ஜெபக்கனி காப்பியைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தார்.

கடைசியில் சுடலைமணியே கேட்டார்.

"பெல்லார்மினு, எப்ப வேலைக்கு வாரீரு?"

"அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்காங்க."

"எங்க போடுதாங்க?"

"எங்க போடுவாங்க? அதே மாடிதான், அதே துவாரந்தான். உள்ள தீ எப்படி எரியுதுன்னு யாராவது பாக்கணும்லா?" பெல்லார்மின் சிரித்தார். "டிரைவ் வச்சாலும் நான்தான் நிக்கணும், எடுத்தாலும் நான்தான் நிக்கணும். எது செஞ்சாலும் அரைகுறையா விட்டுராதீங்க அண்ணாச்சி."

வெளியே வந்ததும் சுடலைமணி ஜெபக்கனியைப் பார்த்தார்.

"நான் உங்ககிட்டத்தான கேட்டேன் மேடம்?"

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி. தெரிஞ்சவர்கிட்டக் கூட்டிட்டு வந்தேன்."

அதற்குப் பிறகு அவர் தினமும் வந்தார். உணவு இடைவேளையில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து டிரைவின் வரைபடங்களைப் பார்த்தார். எந்த அலமாரியில் என்ன இருக்கிறது, மின்னழுத்தம் சரிந்தால் அது என்ன செய்யும், சுற்றிக்கொண்டிருக்கும் விசிறியை நிறுத்தாமலே எப்படி மறுபடி பிடித்துக்கொள்ளும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஜெபக்கனி சொன்னார். ஒரே கேள்வியை நாலு விதமாகக் கேட்டாலும் சொன்னார். சில நாள் எரிச்சலோடு சொன்னார். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஒருநாள் அவர் கேட்டார்.

"எல்லாம் சரி மேடம். டிரைவ் ஓடட்டும். ஆனா டேம்பரையும் அன்னைக்கு மாதிரி கொஞ்சம் சாத்தி, அழுத்தத்தப் பாத்து அதுவே திறந்து சாத்திக்கிடட்டும்னு ஆட்டோலயே விட்டா என்ன? ஒரு பாதுகாப்புக்கு. டிரைவ் கைவிட்டாலும் அது பாத்துக்கிடும்லா?"

ஜெபக்கனி எழுந்தார். மூலையில் ஓர் இரும்பு பீரோ இருந்தது.

"இத அடுத்த ரூமுக்குக் கொண்டுபோகணும். ஒரு கை பிடிங்க அண்ணாச்சி."

"ஆளக் கூப்பிடலாமே மேடம்."

"எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. பிடிங்க."

அவர் முன்பக்கம் பிடித்தார். இவர் பின்பக்கம் பிடித்தார். பீரோ காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் கனம். கதவருகே வந்ததும் சுடலைமணி வலப்பக்கம் திருப்பினார். அதே நேரம் ஜெபக்கனி இடப்பக்கம் திருப்பினார். பீரோ வாசல் நிலையில் இடித்தது. அவர் சரிசெய்ய இடப்பக்கம் திருப்பினார். இவரும் சரிசெய்ய வலப்பக்கம் திருப்பினார். மறுபடி இடித்தது. மூன்றாவது முறை இருவரும் வேகமாகத் திருப்ப, பீரோ சாய்ந்து, நிலைக்கும் இரும்புக்கும் நடுவில் சுடலைமணியின் விரல் நசுங்கியது.

"ஐயோ! பையத் திருப்புங்க மேடம்!"

"நான் சரியாத்தான் திருப்பினேன்."

"நானுந்தான் சரியாத் திருப்புனேன்."

"அப்ப யார் தப்பு?"

"ரெண்டு பேரும் திருப்புனதுதான் தப்பு. ஒரு ஆளு வழி பாக்கணும், இன்னொரு ஆளு சும்மா தூக்கிக்கிட்டு..."

அவர் பேச்சை நிறுத்தினார். பீரோ வாசலில் குறுக்காக நின்றது. அவர் விரலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"மேடம்."

"ம்."

"அழுத்தம் ஏறுனா டிரைவ் வேகத்தக் கூட்டும். அதே நேரம் டேம்பரும் திறக்கும். தேவைக்கு மேல இழுத்துரும். அழுத்தம் சரிஞ்சிரும். ஒடனே ரெண்டும் சேந்து எதிர்ப்பக்கம் திரும்பும்."

"ம்."

"ரெண்டும் ஒரே அழுத்த முள்ளப் பாத்து ஒரே வேலையச் செஞ்சிருக்கு. அதான் ஊசல் பெருசாகிக்கிட்டே போச்சு. டிரைவ் தப்பில்ல. டேம்பர் தப்பில்ல." அவர் குரல் இறங்கியது. "டேம்பர ஆட்டோல விட்டது நான்."

"நீங்க கேட்டீங்க. நான் சரின்னேன்" என்றார் ஜெபக்கனி.

"உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"மறுநாள் அழுத்தம் பதிவான வரைபடத்தப் பாத்தப்பவே சந்தேகம் வந்துது."

"அப்ப அந்தக் கூட்டத்துல ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?"

சுடலைமணி யோசித்தார். "எங்க ஆளுங்களுக்காகச் சண்டைக்கு வந்திருப்பேன்."

"முதல்ல இத உள்ள வைப்போம். நீங்க வழி பாருங்க. நான் தூக்கிட்டு வாரேன்."

பீரோ எளிதாக உள்ளே போனது.

சுடலைமணி அங்கிருந்து நேரே தலைமைப் பொறியாளரின் அறைக்குப் போனார். டேம்பரை ஆட்டோவில் விட்டதைச் சொன்னார். என்ன நடந்திருக்கும் என்பதையும் சொன்னார். பின்னாலேயே வந்த ஜெபக்கனி, தான் சம்மதித்ததைச் சொன்னார். வரதராஜன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்ப என்ன செய்யணுங்கிறீங்க?"

"டேம்பர முழுசாத் திறந்து, ஆட்டோவ எடுத்துரணும் சார்" என்றார் சுடலைமணி. "பாதி கூடாது. அழுத்தத்த டிரைவ் ஒண்ணே பாக்கட்டும்."

"அது நின்னா?"

"பாய்லர் நிக்கும். ஆளு யாருக்கும் ஒண்ணும் ஆகாம நிக்கும். அதுக்கு நான் பொறுப்பு. மேசையில நான் உக்காருதேன்."

கட்டுப்பாட்டு அறையில் அவருக்கு அன்று நல்ல வரவேற்பு இல்லை. "நம்ம தப்புன்னு நீரே போய்ச் சொல்லிட்டு வந்திருக்கீரே" என்று செல்லப்பாண்டியன் கேட்டார். அடுத்த ஷிப்டில் மேசையில் உட்காருபவர் அவர். தேநீர் வந்தபோது சுடலைமணிக்கு யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவரே எழுந்து போய் எடுத்துக் குடித்தார்.

சோதனை நாளில் உலையைச் சுற்றிய மாடிகளில் ஆள் யாரும் இல்லாதபடி வெளியேற்றினார்கள். சுமையைப் பாதியாக இறக்கினார்கள். சுடலைமணி டேம்பரை முழுசாகத் திறக்கச் சொன்னார். அது திறந்துவிட்டதா என்று தானே போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஜெபக்கனி ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டார். ஆனால் திரைகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க பாக்கலையா மேடம்?" என்று கேட்டார் சுடலைமணி.

"நீங்க பாக்குதீங்களே அண்ணாச்சி."

டிரைவ் ஓடியது. விசிறியின் வேகம் மெல்லக் குறைந்தது. உலை அழுத்தம் காட்டும் முள் தன் இடத்தில் நின்றது. சுமையைக் கொஞ்சம் ஏற்றினார்கள். விசிறி கொஞ்சம் வேகம் எடுத்தது. முள் இலேசாக அசைந்து பழைய இடத்துக்கு வந்தது. சுமையை இறக்கினார்கள். அதுவும் இறங்கியது. வரதராஜன் மூச்சை விட்டார். யாரோ சிரித்தார்கள்.

அப்போது விளக்குகள் மங்கின.

வெளியே மின் தொகுப்பில் எங்கோ ஏதோ கோளாறு. யாரும் திட்டமிட்டதல்ல. மின்னழுத்தம் சரிந்தது. விசிறியின் வேகம் விழத் தொடங்கியது. முள் ஏறியது. எச்சரிக்கை மணி அடித்தது. பின்னாலிருந்து செல்லப்பாண்டியன் கத்தினார்.

"அண்ணாச்சி, டேம்பர எடும்! கையில எடும்!"

சுடலைமணியின் வலக்கை எழுந்தது. முப்பது வருடமாக முள் ஏறினால் அந்தக் கை டேம்பர் பொத்தானுக்குத்தான் போகும். பாதி தூரம் போய்விட்டது. திறந்திருக்கும் டேம்பரை எடுத்து என்ன செய்வது? சாத்தத்தான் முடியும், சாத்தினால் அழுத்தம் இன்னும் ஏறும். அவர் கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இடக்கையையும் வைத்துக்கொண்டார். கண்ணை முள்ளிலிருந்து எடுக்கவில்லை.

முள், கொதிகலன் நின்றுவிடும் சிவப்புக் கோட்டை நோக்கிப் போனது. ஜெபக்கனி திரும்பிப் பார்க்கவில்லை. அவர் விரல்கள் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்ததைச் செல்லப்பாண்டியன் மட்டும் பார்த்தார்.

விளக்குகள் தெளிந்தன. டிரைவ், சுற்றிக்கொண்டிருந்த விசிறியை அப்படியே பிடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டியது. முள் கோட்டருகே தயங்கியது. பிறகு இறங்கியது. கொஞ்சம் கூடுதலாக இறங்கி, திரும்பி வந்து, தன் இடத்தில் நின்றது.

மணி ஓய்ந்தது.

கொதிகலன் ஓடிக்கொண்டிருந்தது. சுடலைமணி கைகளை வெளியே எடுத்துப் பார்த்தார்.

"மேடம், நான் ஒண்ணுமே செய்யல."

"ஆமா அண்ணாச்சி" என்றார் ஜெபக்கனி. அவர் முகம் வேர்த்திருந்தது. "அத உங்களால மட்டுந்தான் செய்ய முடிஞ்சிருக்கும்."

டிரைவ் நிலைத்தது. பெல்லார்மின் வேலைக்கு வந்து அதே மாடியில், அதே துவாரத்தில் நின்றார். அடுத்த விசிறிகளுக்கும் டிரைவ் வைக்க அனுமதி வந்தது. பாதிச் சுமையில், டிரைவ் வைத்த விசிறியின் தகரக் குழாயருகே நின்று சாதாரணக் குரலில் பேச முடிந்தது. சுடலைமணி ஷிப்ட் தொடங்கும் முன் சும்மாவாவது அங்கே போய் நின்றுவிட்டு வருவார்.

ஒரு காலை அப்படிப் போனபோது குழாய் இலேசாக நடுங்குவதைக் கண்டார். டேம்பர் கொஞ்சம் சாத்தியிருந்தது.

கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினார். ஷிப்டை முடித்துக் கிளம்பத் தயாராக இருந்தார் செல்லப்பாண்டியன்.

"யார் சாத்துனது?"

"நான்தான் அண்ணாச்சி. ஆட்டோல விடல. கொஞ்சூண்டுதான் சாத்தியிருக்கேன். ஒரு பாதுகாப்புக்கு."

சுடலைமணிக்கு முகம் சிவந்தது. எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். அன்றைக்கு அத்தனை பேர் பார்க்க ஓட்டிக் காட்டியது எதற்கு என்று கேட்டார். மூளை இருக்கிறதா என்றும் கேட்டார். செல்லப்பாண்டியன் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போனார். சுடலைமணி டேம்பரை முழுசாகத் திறந்தார். அந்தச் சூட்டோடு ஜெபக்கனியின் அறைக்கு வந்தார். இந்த முறையும் உட்காரவில்லை.

"மேடம், டேம்பரத் திறந்து வச்சு ஒரு பூட்டு போட்டுருங்க. சாவி உங்ககிட்ட இருக்கட்டும். இல்ல என்கிட்டக் குடுங்க."

ஜெபக்கனி எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

"யாரு, செல்லப்பாண்டியனா?"

"அவந்தான். அன்னைக்குக் கூடவே நின்னு பாத்தவன்."

"அவர் உங்ககிட்ட எதாவது கேட்டாரா?"

சுடலைமணி தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"கேக்க வந்தான். நான் விடல."

"பூட்டு நாளைக்கே போட்டுரலாம்" என்றார் ஜெபக்கனி. "ஆனா அது கதவுக்குத்தான் அண்ணாச்சி பூட்டு. இன்னைக்கு ராத்திரி அவர் ஷிப்டுக்கு வரும்போது, போய் அவர் பக்கத்துல உக்காருங்க. கேக்க வந்தத அவர் கேக்கட்டும்."